சக பணியாளர்களின் தூண்டுதலால்

அன்று டீ வரவில்லை.

எங்கள் செக்‌ஷனுக்குப் பத்தே முக்காலுக்கு டீ வந்துவிடும். வராவிட்டால் முதலில் சத்தம் போடுவது நான்தான் என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த விஷயம். சுரங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடமாகத் தட்டச்சும் கடிதமுமாகக் காலம் தள்ளியவள், அந்த ஒரு டம்ளர் டீயிலாவது அதிகாரம் காட்ட வேண்டாமா? பதினொன்றேகால் ஆனதும் "எங்க போய்த் தொலைஞ்சா இவ?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வெளியே போனேன். டீ கொண்டுவரும் பெண் சைக்கிள் ஸ்டாண்டில், யாருடைய ஸ்கூட்டர் சீட்டிலோ தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தாள். பிளாஸ்க் கையிலேயே இருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"எங்க வூட்டுக்காரருக்கு மரண தண்டனைன்னு சொல்லிட்டாங்களாம் மேடம். இப்பத்தான் போன் வந்துச்சு."

திட்டப் போனவள், பிளாஸ்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவள் சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பெண். எங்கள் ஆபீஸைக் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கி வந்து ஊற்றும் ஒப்பந்தத் தொழிலாளி. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, பத்தாவது படிக்கும் ஒரு பெண். அவள் கணவனும் சுரங்கத்தில் ஒப்பந்த ஆள்தான். நிலக்கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஜாயின்ட் போடுகிறவன். அந்த வேலையில் அவனுக்கு நல்ல பெயர். பெயர் இருந்து என்ன, பர்மனென்ட் ஆகவில்லை. பதினோரு வருடம் பார்த்துவிட்டு, வெளிநாட்டில் ஒரு சிமென்ட் ஆலைக்கு அதே பெல்ட், அதே ஜாயின்ட் வேலைக்குப் போனான். எந்த நாடு என்று இங்கே எழுதப் போவதில்லை. இவர்கள் பெயரையும்தான்.

அந்த ஆலையில் ஒரு ஸ்டோர் ஷெட் தீப்பிடித்து, உள்ளே இருந்த காவலாளி இறந்துபோனார். அந்த ஷிப்டில் ஷெட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் அந்த நாட்டுக்காரர்கள். ஆனால் அங்கே எண்ணிக்கையில் சிறிய ஒரு மதப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதுகூடக் கஷ்டமாம். கேன்டீனில் மற்றவர்கள் அவர்களோடு உட்கார மாட்டார்களாம். ஐந்தாவது ஆள் நம்முடையவன். "அவங்க தனியா துன்னுகினு இருக்கறது பார்த்தா பாவமா இருக்குன்னு இவரும் போயி குந்திக்குவாரு மேடம்" என்று அவள் சொன்னாள். அந்த ஐந்து பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு வக்கீல். அவரும் ஒரு நாள்தான் வந்தார். மூன்று வாய்தாவில் வழக்கு முடிந்து, ஐந்து பேருக்கும் தூக்கு என்று ஆகிவிட்டது. கோர்ட்டில் பேசினது ஒரு வார்த்தைகூட இவனுக்குப் புரியவில்லை. புரிகிற மொழியில் சொல்லவும் அங்கே யாரும் இல்லை.

எனக்கு ஆரம்பத்திலிருந்தே குழப்பம்தான். அந்த நான்கு பேர் சொந்த நாட்டிலேயே வேண்டாதவர்கள். இவன் வேற்று நாட்டான், அவர்களுக்கும் கீழே. இங்கே இருந்தவரை இவனும் நானும் எந்தப் பட்டியலிலும் சிறுபான்மை இல்லை. அந்த வார்த்தையைப் பேப்பரில் படித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருக்கிறேனே தவிர, நின்று யோசித்ததில்லை. ஒரு விமானம் ஏறி இறங்கினால் அந்த வார்த்தை நம் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளுமா? அதுவும் சாப்பிட உட்கார்ந்த இடத்தை வைத்தா? எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள். அங்கிருக்கும் நம் தூதரகத்திலிருந்து ஒருவர் போனில் பேசினாராம். மேல்முறையீட்டுக்கு முன் தண்டனை பெற்றவர் தன் கைப்பட ஒரு கருணை மனு கொடுக்கலாம், ஒரு வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று சொன்னாராம்.

"நீங்க எழுதிக் குடுங்க மேடம். நீங்க எழுதினா மெமோ நிக்காதுன்னு அவரே சொல்லுவாரு."

இதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இந்த மெமோ விஷயத்தை விளக்கிவிடுகிறேன். ஷிப்டில் தகராறு, பெல்ட் நிற்கும்போது ஆள் இல்லை, லேட், எதுவாக இருந்தாலும் தொழிலாளிக்கு ஒரு மெமோ வரும். "நான் செய்யவில்லை" என்று பதில் எழுதினால் விசாரணை வைப்பார்கள். விசாரணை என்றால் மாதக் கணக்கில் இழுக்கும். அதனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. செய்தவனும் செய்யாதவனும் ஒரே மாதிரி ஒரு வருத்தக் கடிதம் கொடுத்துவிடுவார்கள். எச்சரிக்கையோடு விஷயம் முடிந்துவிடும். அந்தக் கடிதம் எழுத என்னிடம்தான் வருவார்கள். யூனியன்காரர்களே அனுப்பிவைப்பார்கள். "சக பணியாளர்களின் தூண்டுதலால், அறியாமையின் காரணமாக நிகழ்ந்துவிட்ட இச்செயலுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். இம்முறை மட்டும் மன்னித்தருளும்படி..." என்று ஓடும். எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். தூண்டினது யார் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. சக பணியாளர்களும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த வரி பாரத்தைக் கொஞ்சம் பங்கு போடுவதற்கு, அவ்வளவுதான். வந்தவனிடம் "நீ செய்தாயா?" என்று நான் ஒரு நாளும் கேட்டது கிடையாது. கேட்டால் கடிதம் எழுத முடியாது.

அவள் புருஷனுக்கும் அப்படித்தான் எழுதினேன். கருணை மனுதானே, மெமோவுக்கு அண்ணன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் தாண்டாமல், குடும்ப நிலவரம், வயதுக்கு வந்த பெண், எல்லாம் சேர்த்து. நடுவில் அந்த வரியும் தானாக வந்து உட்கார்ந்தது. ஒருமுறைகூட என் கை தயங்கவில்லை. அவள் அதைப் போனில் படம் பிடித்து, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒரு மலையாளிக்கு அனுப்பினாள். அவர் ஜெயிலுக்குப் போய்ப் பார்க்கும்போது காட்டினார். இவன் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்த ஊர் மொழியில் பெயர்த்ததும் அந்த மலையாளிதான். நல்ல மனிதர். தூதரகம் கடிதத்தைச் சேர்ப்பித்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அதன்பிறகு நான்கு மாதம். அவள் டீயைச் சாசரில் கொட்டிவிடுவாள், நான் திட்டாமல் எடுத்துக் குடிப்பேன். என் பொறுமையைப் பார்த்து செக்‌ஷனே ஆச்சரியப்பட்டது.

ஒரு மத்தியானம் அவள் ஓடிவந்தாள். செருப்பைக்கூட வாசலில் விடவில்லை. "கொறைச்சிட்டாங்க மேடம்! தூக்கு இல்லீங்களாம்! பாஞ்சு வருஷமாம்!" என்று சொல்லி என் காலில் விழப் போனாள். நான் அவளைப் பிடித்துத் தூக்கினேன். இரண்டு பேரும் அழுதோம். நான் ஆபீஸில் அழுதது அதுதான் முதல் தடவை. பதினைந்து வருடம் ஜெயில் என்ற செய்திக்கு ஒரு ஆபீஸே சந்தோஷப்பட்டதும் அதுதான் முதல் தடவையாக இருக்கும். மறுநாள் மந்தாரக்குப்பத்திலிருந்து ஒரு கிலோ மைசூர்பா வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். "மேடம் லெட்டருதான் காப்பாத்துச்சு" என்று ஒவ்வொரு மேஜையிலும் சொன்னாள். சர்க்கரை வியாதியை மறந்துவிட்டு நான் இரண்டு துண்டு தின்றேன்.

மற்ற நான்கு பேர் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மறந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது, நினைக்கவே இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் காபி குடிக்கும்போது என் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "இது உங்க ஆபீஸ் டீக்காரப் பொண்ணு சமாச்சாரம் மாதிரி இருக்கே" என்றார். வாங்கிப் பார்த்தேன். வெளிநாட்டுச் செய்திகளின் கீழே நான்கைந்து வரி. அந்த ஊர்ப் பெயர், சிமென்ட் ஆலைத் தீ, சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்த நான்கு பேருக்கு மரண தண்டனை உறுதி. நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று சில நாடுகளின் தூதரகங்கள் கவலை தெரிவித்திருப்பதாகப் போட்டிருந்தது.

"கவலைன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"கவலைப்படுவாங்க" என்றார் அவர்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு நாடு எப்படிக் கவலைப்படும்? ராத்திரி தூங்காமல் புரளுமா? இந்த நாடுகளுக்கு நம்மாள் மேல் ஏன் கவலை வரவில்லை? ஐந்து பேரும் ஒரே கோர்ட், ஒரே வக்கீல், ஒரே புரியாத மொழி. அவன் பெயரைக் காணோமே என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த அறிக்கையை கம்ப்யூட்டரில் தேடி எடுத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். நன்றாக எழுதியிருந்தார்கள். ஒரு டிராஃப்டை இன்னொரு டிராஃப்ட் எழுதுகிறவள் பார்க்கிற பார்வையோடுதான் படித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது பக்கத்தில் அது இருந்தது. நான்கு பேரும் முதலில் கொடுத்த வாக்குமூலம் அடித்து வாங்கப்பட்டது என்று சொல்லி, கோர்ட்டிலேயே மறுத்துவிட்டார்களாம். வேறு சாட்சி கிடையாதாம். மேல்முறையீட்டில் அவர்கள் தண்டனையை உறுதி செய்ய நீதிபதி எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றாம். அவர்களோடு தண்டிக்கப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர், சக பணியாளர்கள் தூண்டினார்கள் என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதம். அதற்குக் கைம்மாறாக அவருடைய தண்டனை குறைக்கப்பட்டதாகத் தெரிகிறது என்றும் போட்டிருந்தது.

திரும்பத் திரும்பப் படித்தேன். ஆங்கிலம் எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அவள் வந்து டீ வைத்துவிட்டு, "என்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, சுகரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதற்கப்புறம் வந்த நாட்களை ஒழுங்காகச் சொல்ல என்னால் முடியாது. ஒரு நேரம், ஒரு வரிக்காக யாராவது நாலு உயிரை எடுப்பார்களா, அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள், என் வரி ஒரு சாக்கு என்று தோன்றும். அடுத்த நேரம், அந்தச் சாக்கைச் செய்து கொடுத்தது யார் என்று தோன்றும். அந்த வரியால்தானே இவன் உயிரோடு இருக்கிறான்? அது இல்லாவிட்டால் ஐந்து பேரும் போயிருப்பார்கள். அப்படியானால் நான் ஒருவனைக் காப்பாற்றினேனா, நான்கு பேரைக் கொன்றேனா? இரண்டும் ஒரே கடிதத்தில் எப்படி நடக்கும்? கூட்டிக் கழித்துப் பார்க்கிற விஷயமா இது? விருத்தாசலத்தில் எங்கள் சொந்தக்கார வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் போன் செய்து, கடிதத்தில் இருப்பது உண்மையில்லை என்று இப்போது சொன்னால் எழுதினவனுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "நம்ம ஊரா இருந்தா சொல்லிடுவேன். அந்த ஊர்ச் சட்டம் எனக்கு எப்படிம்மா தெரியும்? பழையபடி தூக்குன்னாலும் சொல்றதுக்கில்ல" என்றார். ஃபீஸ் வாங்காத வக்கீலிடம் அவ்வளவுதான் கிடைக்கும்.

நடந்ததையும், உண்மையைத் தூதரகத்துக்கு எழுதிவிடலாமா என்று நினைப்பதையும் என் கணவரிடம் சொன்னேன். அவர் சுரங்கத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கே நான் இரண்டு முறை வருத்தக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"சொன்னா வேணாம்பா."

"வேணாம்னு சொல்ல அவளுக்கு உரிமை இருக்கில்ல?"

"அந்த நாலு பேருக்கும் பொண்டாட்டி இல்லையா? அவங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?" என்று அவர் மேல் பாய்ந்தேன். அவர் மேல் பாய்வதற்கு எந்தக் காரணமும் இல்லை. என் சுபாவமே அப்படி. எனக்குள் பதில் இல்லாதபோது பக்கத்தில் இருப்பவர்மேல் விழுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலைக்கூட ஆரம்பிக்காமல் உட்கார்ந்து, அறிக்கை விட்ட தூதரகங்களில் ஒன்றுக்கு மெயில் எழுதினேன். கடிதத்தை எழுதியது நான். அந்த வரி அவர் சொன்னதல்ல. எங்கள் ஊர் ஆபீஸில் யாரும் யாரையும் குறிக்காமல் எழுதுகிற வழக்கமான வரி அது. அவரிடம் நடந்தது என்னவென்று நான் கேட்கவே இல்லை. இதற்கு அத்தாட்சியாக என் பென்சில் டிராஃப்டையும் படம் பிடித்து இணைத்தேன். கடைசியில், இதனால் அவருக்கு எந்தத் தீங்கும் வராமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று ஒரு வரி. அந்த வரிக்கு என்ன மதிப்பு என்று எனக்கே தெரியும். ஆனாலும் எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் குக்கர் வைத்தேன். மூன்றாவது விசில் வரும்போது, செய்தது சரியா தப்பா என்று திரும்பி வந்து அனுப்பினதை மறுபடி திறந்து படித்தேன்.

திங்கட்கிழமை அவளிடம் சொல்லலாம் என்றிருந்தேன். மகளுக்கு அரைப் பரீட்சை என்றாள், சொல்லவில்லை. செவ்வாய் ஆடிட் வந்தது. புதன், வியாழன் நானாகவே சொல்லவில்லை. அவள் ஊற்றுகிற டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூதரகத்திலிருந்தும் பதில் இல்லை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, ஜெயிலிலிருந்து அவனுக்குப் பேச அனுமதி. அவள் ரெக்கார்டு ரூமில் போய் நின்று பேசுவாள். அன்று நானும் பின்னாலேயே போனேன். இரண்டு பேருக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிடுவது என்று முடிவு.

"மேடம் இங்கதான் இருக்காங்க, ஒரு வார்த்தை பேசு" என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், நீங்க நல்லா இருக்கணும் மேடம்" என்றான்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். நேராச் சொல்லு. அந்த நாலு பேரு தீ வெச்சாங்களா?"

அந்தப் பக்கம் யாரோ இரும்புக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இல்ல மேடம். எங்கூடத்தான் துன்னுகினு இருந்தாங்க. பொகை வந்தப்புறம் அஞ்சு பேருமா ஓடனோம். எப்படிப் புடிச்சிச்சின்னு சத்தியமா எங்க யாருக்கும் தெரியாது."

"அப்ப கடுதாசில..."

"நீங்க போட்டிருந்தீங்க, நான் பார்த்து எழுதனேன் மேடம். நம்மூரு மாதிரிதான்னு நெனச்சேன். அவங்கள்ல ஒருத்தர் எனக்கு எதுர் செல்லுலதான் இருக்காரு. திட்டறது கூட இல்ல. பார்த்துகினே இருக்காரு. என்னால திரும்பிப் படுக்கவும் முடியல, அவரு மூஞ்சியப் பார்க்கவும் முடியல." மூச்சு வாங்கிக்கொண்டான். "மேடம், அது பொய்யின்னு நான் எழுதிக் குடுத்துடட்டுங்களா? குடுத்தா என்னைத் திரும்பத் தூக்குல போட்டுடுவாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரை அணைத்துவிட்டாள்.

"நீ ஒண்ணும் எழுதாத. யார் பார்த்தாலும் பார்த்துட்டுப் போகட்டும், நீ கண்ண மூடிக்க. கேக்குதா? எனக்கு நீ உசுரோட வரணும். வேற எதுவும் எனக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே போனாள். நேரம் முடிந்து இணைப்பு அறுந்த பிறகும் ஒரு நிமிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். நான் கேட்ட கேள்வியிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். மண்டு இல்லை அவள்.

"அந்த நாலு பேருக்குத் தூக்கு நம்ம லெட்டராலதானா மேடம்?"

"அப்படித்தான் போட்டிருக்காங்க."

"கொழந்தைங்க இருக்குங்களா அவங்களுக்கு?"

"தெரியலம்மா. இருக்கும்."

அவள் பழைய ஃபைல் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. முந்தானையால் போனைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று நான் பயந்துகொண்டு நின்றேன்.

"பாவந்தான் மேடம். எனக்குத் தெரியுது, பாவந்தான். அதுக்காக நான் என்னா பண்ணட்டும்? அவரு அடுத்த தபா கேப்பாரு. எழுதிக் குடுங்கன்னு உங்களத்தான் கேப்பாரு. எழுதிடாதீங்க மேடம். எம் பொண்ணு மேல கையடிச்சிக் குடுங்க."

உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள். பினாயில் வாசனை அடித்தது. சொல்வதற்காகவே வந்தவள் நான். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள்.

நான் அவள் கையில் அடித்துக் கொடுத்தேன். மெயில் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது.